முனை இல்லாத பேனாக்கத்தி

"கத்தி எதுக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எங்கம்மாவ அறுத்துவுடறதுக்குங்க" என்றேன்.

பெட்டியைத் திறக்கப் போன அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "அவங்க கட்டிக்கறாங்க. நூல்ல, கயித்துல, கைக்குக் கிடைக்கறதுல எல்லாம். கட்டுன கட்ட அறுத்துவுடோணும்" என்று விளக்கினேன். அவர் முகம் இன்னும் கலவரமானது. ஒப்பணக்காரத் தெருவிலிருந்து பிரியும் சந்தில் பூட்டு, தேங்காய்த் துருவி, அரிவாள்மணை எல்லாம் விற்கிற கடை அது. பாவம், காலை முதல் போணிக்கு நான்தான் வாய்த்தேன்.

அம்மாவின் கதையைச் சொல்லாமல் கத்தியின் கதை புரியாது. அம்மா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வைண்டிங் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். கோபிசெட்டிபாளையத்தில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து மில்லுக்கு வந்த முதல் ஆள். மெஷினில் ஓடும் நூல் அறுந்தால் இரண்டு முனைகளையும் பிடித்து முடிச்சுப் போட வேண்டும், அதுதான் வேலை. கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவாள். முடிச்சு கடுகுக்கும் சிறியதாக இருக்கும், யாராலும் அவிழ்க்க முடியாது. போட்டவுடன் மிஞ்சி நிற்கிற இரண்டு வால்களையும் கையில் வைத்திருக்கும் பிளேடுத் துண்டால் நறுக்கிவிட வேண்டும். வால் நீண்டிருந்தால் தறியில் போய்ச் சிக்கும், துணி கெட்டுப்போகும். "வாலோட உட்டா அது முடிச்சில்ல கண்ணு, மூதேவி" என்பாள். எங்கள் வீட்டில் என் ரிப்பனிலிருந்து மாதா படத்து மாலை வரை எல்லாமே மில் முடிச்சுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மறதி தொடங்கியது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள். அப்பா இறந்ததை மறந்து, அவருக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. ஒருநாள் காலை பார்த்தால் வாசல் கேட்டும் தூணும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. சிரித்தேன். கம்பெனியில் போய் எல்லோரிடமும் சொல்லியும் சிரித்தேன். குழாய்க்கும் வாளிக்கும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும், என் அடையாள அட்டைக்கும் கொடிக்கம்பிக்கும் முடிச்சு விழுந்தபோதும் கொஞ்சம் சிரிக்க முடிந்தது.

நூலை ஒளித்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நூல் இல்லாத வீடு எது? சேலைக் கரையிலிருந்து உருவுவாள், போர்வையிலிருந்து உருவுவாள், பூச்சரத்திலிருந்து பூவை உதறிவிட்டு நாரை எடுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அம்மா அசையாமல் உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டையைத் தைத்திருந்த நைலான் நூலை மோதிர விரலில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

கத்தரிக்கோல் நூலுக்கு அடியில் நுழையவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்தேன், விரலையும் சேர்த்து அறுத்துவிடும்போல இருந்தது, வைத்துவிட்டேன். பல்லால் கடித்துப் பார்த்தேன். அம்மாவின் விரலை வாயில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்ன பிளேடால் ஒரு நொடியில் அறுத்துவிட்டாள். "இன்னும் சித்த நேரம் போயிருந்தா வெரல எடுக்க வேண்டி வந்திருக்குமுங்க. சின்னதா ஏதாச்சும் எப்பவும் கைவசம் வச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

அப்படித்தான் நான் கத்திக் கடைக்குப் போனேன். என் உடம்பிலேயே இருக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. வெளியே வைத்தால் அம்மா எடுத்து ஒளித்துவிடுவாள். அதற்குள் இரண்டு கத்தரிக்கோல்கள் அரிசி டிரம்மில் கிடைத்திருந்தன. கடைக்காரர் என் கதையைக் கேட்டு "அட கெரகமே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, சிவப்புப் பிடி போட்ட பேனாக்கத்தி ஒன்றைக் காட்டினார். அதில் கத்தியும் உண்டு, மூடி திறப்பானும் உண்டு, திருப்புளியும் உண்டு, பல் குத்துவதற்கு ஒரு குச்சியும் உண்டு. "இது ஒண்ணு இருந்தா ஊட்டுல எல்லா சோலியும் முடிஞ்சுதுங்க" என்றார். என் சோலி ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கை நகத்தால் நெம்ப வேண்டும். அம்மாவுக்குக் கட்டு விழும் நேரத்தில் எனக்கு இரண்டு கை ஏது? ஒரு கையை அவள் பிடித்திருப்பாள், பிடித்தால் விடமாட்டாள். ஒருநாள் அவசரத்தில் பல்லால் கடித்துத் திறந்தேன். பல்லின் ஓரம் பெயர்ந்தது. வெளியே வந்தது மூடி திறப்பான்.

இரண்டாவது கத்தியை இணையத்தில் வாங்கினேன். கறுப்பு நிறம், கட்டைவிரலால் ஒரு பித்தானை அமுக்கினால் சட்டென்று பாய்ந்து திறக்கும். அதை விற்கிற வீடியோவில் ஒரு ஆள் தாம்புக்கயிறு, டயர், மரக்கிளை எல்லாவற்றையும் அறுத்துக் காட்டினான். எழுபத்துமூன்று வயசுக்காரியின் மணிக்கட்டை எப்படி விட்டுவைப்பது என்று காட்டவில்லை. பார்சல் வந்த மறுநாளே வேலை வந்தது. அம்மா கிழிந்த சேலைத் துண்டால் தன் கையைக் கட்டில் காலோடு கட்டியிருந்தாள். கத்தியை அடியில் நுழைத்தேன். அம்மா கையை வெடுக்கென்று இழுத்தாள். கூரான முனை அவள் உள்ளங்கையின் அடியில் இறங்கிவிட்டது.

இரத்தம் சேலையில் சொட்டியது. நான் அலறினேன். அம்மா அலறவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க. நீங்க வேணும்னேவா பண்ணுனீங்க? உங்க மேல தப்பில்லீங்க" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'ங்க' போடுவதில் ரொம்பப் பெருமை. கண்டக்டர் போடுவார், கடன்காரர் போடுவார், அடிதடியில் சட்டையைப் பிடிக்கிறவன்கூட 'ஏனுங்க' என்று ஆரம்பித்துத்தான் பிடிப்பான். அந்த மரியாதையை மற்ற ஊர்க்காரர்கள் புகழும்போது நானும் சேர்ந்து பெருமைப்பட்டிருக்கிறேன். என் அம்மா என்னை நாற்பத்தெட்டு வருடமாகக் கண்ணு என்றும் சாமி என்றும் கோபம் வந்தால் கழுதை என்றும் கூப்பிட்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவைகூட 'ங்க' போட்டதில்லை. பெற்ற தாய் மரியாதை கொடுத்துப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். காயத்தைக் கட்டி முடித்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். கறுப்புக் கத்தி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

பெங்களூரில் இருக்கும் தம்பி வீடியோ காலில் அம்மா கையில் இருந்த காயக்கட்டைப் பார்த்துவிட்டான். "அக்கா, போதும்க்கா. உன்னால எத்தன நாளைக்கு முடியும்? நல்ல ஹோமாப் பாத்துச் சேத்தர்லாம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் கல்யாணம் கூடிவராமல் போனபோது என்னைவிட அதிகம் வருத்தப்பட்டவன் அவன். ஆனாலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் நினைத்ததையே அவன் சொன்னதுதான் கோபம்.

மேட்டுப்பாளையம் சாலையில் இருந்து உள்ளே தள்ளி ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, சுற்றிலும் வேப்பமரங்கள். பொறுப்பாளரும் தன்மையான பெண்தான். அம்மாவின் முடிச்சுகளைப் பற்றிச் சொன்னேன். "அதொண்ணும் பிரச்சன இல்லீங்க. கைக்குத் துணி கிளவுஸ் போட்டு, ரெண்டு கையையும் கட்டிலோட லேசாக் கட்டிருவோமுங்க. அவங்க பாதுகாப்புக்குத்தானுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, நானே ஒரு தடவை அம்மாவின் விரலைப் பறிகொடுக்கப் பார்த்தவள்தானே. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அசைக்காமல் இருந்து பார்த்தேன். காந்திபுரம் வரைகூட முடியவில்லை. அன்றோடு விஷயம் எனக்கு எளிதாகிவிட்டது. சரியான கத்தி ஒன்று கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அம்மாவின் கைகளைக் கட்டிவிடுவார்கள்.

அந்த மாதமே காங்கேயத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். பல்லடம் தாண்டியதும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். காங்கேயம் பஸ் நிலையத்தில் எழுந்தால் அம்மா எழவில்லை. முந்தானையைக் கிழித்து, தன் மணிக்கட்டை முன் இருக்கைக் கம்பியோடு நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். "வெசையா எறங்குங்க, வண்டி எடுக்கோணும்" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். கைப்பையில் துழாவினேன். சிவப்புக் கத்திதான் கிடைத்தது, திறந்தால் பல்குச்சி வந்தது. பஸ் முழுவதும் எங்களைப் பார்த்தது.

பின் இருக்கையில் இருந்தவர் எழுந்து வந்தார். மாட்டு வியாபாரி, சட்டையிலேயே மாட்டு வாசம். இடுப்பிலிருந்து மடக்குக்கத்தி ஒன்றை எடுத்து ஒரு கையாலேயே திறந்து, அம்மாவின் தோலை ஒட்டி நுழைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "முடிஞ்சுதுங்க, எறங்குங்க" என்ற சத்தம் கேட்டுத் திறந்தேன். துணி அறுந்திருந்தது, கையில் ஒரு கீறல் இல்லை.

கீழே இறங்கியதும் அந்தக் கத்தியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் அதை என் கையில் கொடுக்கவில்லை, பயணிகள் உட்காரும் சிமெண்டுத் திண்டில் வைத்தார். நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் கத்தியை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை, கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் இடையில் உறவு அறுந்துவிடும் என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களோ எங்களைப் போலப் பூசைக்குப் போகிறவர்களோ, கத்தி விஷயத்தில் எல்லோரும் ஒரே மதம்தான்.

சுண்டுவிரல் நீளத் தகடு. முனையே இல்லை. பிள்ளைகளின் பென்சில் தேய்ந்ததுபோல உருண்டையாக இருந்தது.

"உடைஞ்சுருச்சுங்களா?" என்றேன்.

"நானேதான் ராவிப்போட்டனுங்க. மூக்கணாங்கவுறு அறுக்கறப்ப மாடு தலைய ஆட்டுமுங்க. முனை இருந்தா மூஞ்சில எறங்கிப்போடும். அறுக்கறது பக்கவாட்டுலதானுங்களே, முனை எதுக்குங்க?"

எனக்கு அந்த ஆளின் காலில் விழ வேண்டும்போல இருந்தது. இரண்டு கத்தி வாங்கியும் என் மரமண்டைக்கு அது எட்டவில்லை. நானோ கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவள். முடியளவு வித்தியாசத்துக்காக நல்ல உருப்படிகளைத் தள்ளுபடி செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

மறுபடி அதே சந்துக் கடை. "வாங்கம்மணி, அம்மா எப்படி இருக்காங்க?" என்றார் கடைக்காரர். இந்தத் தடவை நானே எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். இடது கையாலும் வலது கையாலும் திறந்து மூடினேன். கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். கையை ஈரமாக்கிக்கொள்ளத் தண்ணீர் கேட்டேன், சலிக்காமல் செம்பில் கொடுத்தார். கடைசியில் சாதாரண மரப்பிடி போட்ட ஒன்று மனதுக்குப் பிடித்தது. கட்டைவிரலால் தள்ளினால் நிதானமாகத் திறக்கிறது, திறந்ததும் உள்ளே ஒரு தகடு விழுந்து பூட்டிக்கொள்கிறது. தானாக மடங்கி விரலைக் கடிக்காது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கிரைண்டரில் வைத்து முனையை ராவினேன். "கத்திக்கு முனைதானுங்க அழகு, அதப் போயி ராவறீங்களே" என்றார் கிரைண்டர்காரர். "அழகு வேண்டாங்க" என்றேன். என் விரலில் நூலைச் சுற்றி இறுக்கி அறுத்துப் பார்த்தேன். ஐம்பது தடவை அறுத்தேன். ஐம்பதிலும் தோல் தப்பியது. பிறகு எல்லாச் சுடிதாரிலும் பை தைக்கக் கொடுத்தேன். "செல்லுக்குங்களா?" என்று கேட்ட தையல்காரரிடம் "கத்திக்குங்க" என்றேன். அவர் அளவெடுப்பதை ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

கத்தி உண்மையாக உழைத்தது. தூக்கத்தில் எழுப்பினாலும் கை அதற்குப் போய்விடும். ஒரு ஞாயிறு பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம், எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நான் முழந்தாளிட முடியாமல் அரைகுறையாகத் தொங்கினேன், என் துப்பட்டா பின் பெஞ்சோடு கட்டப்பட்டிருந்தது. அவ்வளவு அமைதியில் பையிலிருந்து கத்தியை எடுத்துத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பெண் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு அடி தள்ளிப்போனாள். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பெஞ்சில் எங்களுக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சமத்தாக இருந்தாள். நான் இருந்தால்தான் கட்டினாள். அதிலும் நான் கிளம்பும்போது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகும், செருப்பை மாட்டக் குனிவேன், துப்பட்டா வராது. ஒரு முனை கட்டிலில் இருக்கும், இல்லை அவள் கையில் இருக்கும். அறுப்பேன். கதவுக்குப் போவதற்குள் இன்னொரு முனை மாட்டியிருக்கும். அறுப்பேன். என் துப்பட்டாக்கள் எல்லாம் மாதாமாதம் குட்டையாகிக்கொண்டே வந்தன. பெற்றவளைத் தினமும் காலையில் அறுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

நான்கு மாதம் அப்படி ஓடியது. பஸ்ஸைப் பலமுறை விட்டேன், கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் எட்டு தடவை அறுத்துவிட்டேன். ஒன்பதாவது முடிச்சைப் போட்ட கையை ஓங்கி அடித்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். அடித்தேன், அதுதான் உண்மை. அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். "தப்புங்க. இனிமே பண்ணமாட்டனுங்க. வேலய உட்டு நிறுத்திப்போடாதீங்க" என்றாள். என்னை மில் சூப்பர்வைசர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கத்தியில் ஒரு குறையும் இல்லை. என்னிடம்தான் குறை. நானே தம்பியைக் கூப்பிட்டு, "முடியலடா. நீ வா, ஹோமுக்கே கூட்டிட்டுப் போலாம்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் வருவதாக ஏற்பாடு. பையில் நாலு சேலை, மாத்திரைகள், ஜெபமாலை எல்லாம் எடுத்து வைத்தேன். அம்மாவைக் குளிப்பாட்டி நல்ல சேலை கட்டிவிட்டேன். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. தரையில் உட்காரவைத்துத் தலை வாரும்போது என் துப்பட்டாவின் முனை அவள் மடியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தாள். என் துப்பட்டாவோடு தன் மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டே தலை வாரினேன். இன்று ஒரு நாள் கட்டிக்கொள்ளட்டும். நாளையிலிருந்து அந்தக் கைக்குக் கிளவுஸ்தானே.

சடை பின்னி முடிந்தது. கத்தியை எடுத்துத் திறந்தேன். அறுக்க வேண்டிய இடம் தெரிந்தது, கை போகவில்லை. நான்கு மாதத்தில் எத்தனையோ அறுத்த கை, அன்றைக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, என் மேலா, கடவுள் மேலா தெரியவில்லை. "என்னால ஆகாது. நீயே அறுத்துக்கோ" என்று பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினேன்.

அம்மா இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, கைல குடுக்காதீங்க. கீழ வையுங்க."

"ஏம்மா?"

"ஒறவு அத்துப்போயிருமுங்க."

"நான் உனக்கு என்னம்மா ஒறவு?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், உடைந்த பல்லைப் பார்த்தாள். நிஜமாகவே முயன்றாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அது நெனவு வரமாட்டீங்குதுங்க. ஆனா அத்துப்போகக் கூடாதுங்க."

கத்தியைத் தரையில் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். நான் அவள் கையோடு என் கையையும் கொண்டுபோனேன், எந்த நொடியிலும் பிடிக்கத் தயாராக. தேவைப்படவில்லை. முடிச்சை முழங்காலில் அழுத்தி வைத்து, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வால்களையும் ஒட்ட நறுக்கினாள். முடிச்சைத் தொடவே இல்லை. இவ்வளவு மாதமும் அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். முடிச்சுகள் எல்லாம் வாலோடு நின்றிருந்தன, நறுக்க அவளிடம் ஒன்றுமில்லை. நானோ வேலை முடியாத ஒவ்வொரு முடிச்சையும் அறுத்து எறிந்துகொண்டிருந்தேன், அவள் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தாள்.

நறுக்கிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது அவள் முகம்.

"இப்பச் சரிங்க. இனி உட்டுப்போகாதுங்க" என்றாள். கத்தியைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. கதவைத் தட்டி "அக்கா" என்றான் தம்பி. "சித்த இருடா, வாரேன்" என்றேன். எழ முடியாது, கட்டியிருந்தது. கத்தி கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை.